பைலட் இல்லையென்று சொன்னவள்

பஹ்ரைன் விமானம் ரத்தான செய்தியைச் சொல்லும் வேலை அன்று ஜெனிலாவின் தலையில் விழுந்தது. திருவனந்தபுரம் விமான நிலையக் கவுண்டரில் நின்றுகொண்டு, வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். பைலட் இல்லை, மாற்று ஆளும் கிடைக்கவில்லை, நாளைக்கு வாருங்கள். சிலர் திட்டினார்கள். ஒரு பெண் அழுதாள். மத்தியானத்துக்குள் ஜெனிலாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அவளும் பைலட்தான். பிலிப்பைன்ஸில் படித்து, அந்த உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ளப் பரீட்சைகளும் எழுதி நான்கு வருடம் ஆகிறது. விமான நிறுவனங்கள் ஆள் தேடுவது உண்மைதான். ஆனால் பெரிய விமானங்களில் ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்த கேப்டன்களைத்தான் தேடுகிறார்கள். வியட்நாமும் சவூதியும் கூப்பிட, இங்கிருப்பவர்கள் அங்கே போகிறார்கள். அந்த இடத்துக்கும் இங்கே கேப்டனையே தேடுகிறார்கள். இருநூறு மணிநேரம் மட்டும் பறந்தவளை எந்த நாடும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்தால் யாராவது கேட்பார்கள்: "பைலட்டுக்கு ஆளே இல்லண்ணு பேப்பர்ல போட்டிருக்கே. நீ என்ன பிள்ளே, இன்னும் கவுண்டர்ல நிக்க?"

வேலை முடிந்து மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில், கயிறு கட்டிய பெட்டியை மடியில் வைத்திருந்தவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"மோளே, காலைல பைலட்டு இல்லண்ணு சொன்னது நீதானே?"

அவர் பெயர் மரியதாசன், ஊர் இனயம். பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. மகள் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர். அவர் திட்டப்போகிறார் என்று ஜெனிலா காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"வீட்டுக்குப் போவத்தான் ஒரு மாதிரி இருக்கு. எல்லாரும் ஜெபம் பண்ணி, அழுது முடிச்சு அனுப்பி விட்டினும். நாளைக்கு அவியளுக்கு மறுபடியும் அழணும்."

ஏனோ அவரிடம் மறைக்கத் தோன்றவில்லை. "நானும் பைலட்டுதான் மாமா."

"பின்ன நீ ஓட்டப்பிடாதா?"

"பறந்த பழக்கம் வேணும்ணு கேக்கினும். பறக்க விட்டாத்தானே பழக்கம் வரும்."

"எந்த நாட்டுலயும் எடுக்க மாட்டினுமா?"

"போட்ஸ்வானாவுல எடுப்பினும்ணு கூடப் படிச்சவ சொல்லுதா. ஆப்பிரிக்கா. சின்ன விமானம், டூரிஸ்டுகள காட்டுக்குள்ள கொண்டு எறக்கணும். ஆனா அங்க போயி, கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கிக் கேக்கணும். கெடைக்காமலும் போவும்."

"பயமா இருக்கா?"

"பயம் இல்ல மாமா. கேட்டுக் கேட்டு மடுத்துப் போச்சு, அலுத்துப் போச்சு."

அவர் தலையசைத்தார். களியக்காவிளை தாண்டியதும் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். மார்த்தாண்டம் வரும்வரை அவள் தோளை அசைக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பா, நான் போட்ஸ்வானா போறேன்."

மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த யோவான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அம்மா நேசபாய்தான் பேசினாள். "இங்க கெடைக்கும் மக்கா. கொஞ்சம் பொறு."

"நாலு வருசமாட்டு இதத்தானே கேட்டிட்டிருக்கேன் அம்மா."

யோவான் கை கழுவும்போது, அங்கே குளிருமா என்று கேட்டார்.

போன இடத்தில் யாரும் காத்திருக்கவில்லை. புழுதித் தெருக்களில் நடந்து ஒவ்வொரு கம்பெனியாகக் கேட்டாள். கடைசியில் ஒன்றில், விமானம் கழுவவும் சாமான் ஏற்றவும் எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலம் முழுவதும் அந்த வேலைதான். சீசன் தொடங்கி ஒரு பைலட் வேறு வேலைக்குப் போனபோது அவளைப் பறக்க விட்டார்கள்.

முதல் நாள் மணல் ஓடுதளத்தில் இறங்கித் திரும்பியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறக்கையின் நிழலில் போய் உட்கார்ந்தாள். பிறகு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"எத்தன பேரக் கொண்டு போன?" என்றாள் நேசபாய்.

"மூணு பேரும் ஒரு பெட்டி தக்காளியும்."

"சாப்பிட்டியா?"

"இல்லம்மா. இனிதான்."