இரண்டு பேருக்கு

ரயில்வேயில் என் வீட்டுக்காரர் கோசிமோவுக்கு ஓய்வு கொடுத்தார்கள், அன்றோடு என் ஓய்வு போனது. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். பையிலிருக்கிற காற்றை உறிஞ்சி வாயை ஒட்டுகிற வேக்யூம் மெஷின் ஒன்றை வாங்கி வந்து, என் சமையல் மேடையில் பாதியைப் பிடித்துக்கொண்டார். முதல் நாளே இறைச்சிக் குழம்பைச் சுடச்சுடப் பையில் ஊற்றி ஒட்டப் பார்த்தார். மெஷின் காற்றோடு குழம்பையும் குடித்துவிட்டு நின்றுபோனது. அதற்குப் பிறகுதான், குழம்பை முதலில் டப்பாவில் உறைய வைத்து, கட்டியான பின் பையில் போடவேண்டும் என்று தெரிந்துகொண்டார்.

எல்லாம் இத்தாலியின் வடகோடியில், துரின் நகரத்தில் இருக்கிற எங்கள் ஒரே மகள் மிரெல்லாவுக்காக. மாசாமாசம் கூரியரில் ஒரு பெட்டி போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் தேதி போட்டு, ‘இரண்டு பேருக்கு’ என்று எழுதுவார். அவளோடு இருக்கிற தாவிதே நன்றாகச் சாப்பிடுகிற பையன்.

எனக்கும் முதலில் சந்தோஷம்தான். ஆனால் தெற்கே எங்கள் கலாப்ரியாவில் ஜனவரியில் பன்றி அடித்துச் செய்கிற சொப்ரெசாத்தா என்கிற தொத்திறைச்சியை உத்தரத்தில் தொங்கவிட்டு உலர்த்தி, ஈஸ்டருக்குத்தான் முதல் துண்டு போடுவோம். எங்கள் வீட்டில் கத்தி பிடிப்பவள் மிரெல்லா. அதற்காகவே அவ்வளவு தூரம் வருவாள். போன வருஷம் இவர் அதையும் ஒட்டி அனுப்பிவிட்டார். “இங்கேயே வெட்டிக்கிறோம்மா” என்று சொன்னவள், வரவில்லை. அன்றிலிருந்து அந்த மெஷினைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷம் மார்ச்சில் போன் செய்து, ஒரு பொய் சொன்னேன்.

“மிரெல்லா, மெஷின் கெட்டுப்போச்சுடி. ஈஸ்டருக்கு எதுவும் அனுப்ப முடியாது.”

“அய்யோ, அப்பா பாவம்! இருங்கம்மா, நான் பாத்துக்கறேன்.”

என்ன பார்த்தாள் தெரியுமா? ரெண்டே நாளில் வாசலில் புது மெஷின் வந்து இறங்கியது. பழையதைவிடப் பெரியது. கோசிமோ முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

“நுன்சியா, இப்ப ரெண்டு மெஷின்! பாத்தியா எம் பொண்ணை?”

“யோவ், வாயை மூடு. இல்லைன்னா அதையும் ஒட்டிடுவேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே போனை எடுத்தேன். இனி சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

“மெஷின் கெடலைடி. நான்தான் பொய் சொன்னேன். சாப்பாடு அங்க வந்துட்டா நீ இங்க வரமாட்டேங்கற. எனக்கு நீ வேணும்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“அம்மா, தாவிதே என்னை விட்டுப் பிரிஞ்சு போயிட்டான். அக்டோபர்லயே.”

“அக்டோபர்லயா? ஏண்டி சொல்லலை?”

“எப்படிச் சொல்ல? ஒவ்வொரு பாக்கெட்லயும் அப்பா ‘இரண்டு பேருக்கு’ன்னு எழுதியிருக்காரு. எடுக்கறேன், படிக்கறேன், திரும்ப ஃப்ரீஸர்லயே வெச்சுடறேன். பிரிச்சா மிச்சத்தை என்ன பண்றது? எல்லாம் அப்படியே இருக்கும்மா. ஃப்ரீஸர் கதவு மூட மாட்டேங்குது.”

குழந்தை என்ன சாப்பிட்டாள் இத்தனை மாசமும்? கேட்டேன். “ரொட்டி” என்றாள். கோசிமோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புது மெஷினைத் திரும்ப அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிரெல்லா ரயிலிலிருந்து இறங்கினாள். தோளில் துணிப்பை, கையில் இழுக்க முடியாமல் ஒரு ஐஸ் பெட்டி. வீட்டுக்கு வந்து திறந்தால், நாங்கள் அனுப்பியதெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழியிலேயே பாதி உருகிவிட்டது. உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

“நல்லதாப் போச்சு, சாப்டே தீக்கணும்” என்றார் கோசிமோ. அன்று இறைச்சி ஆகாத நாள். ஃப்ரிட்ஜில் அடுக்கிவைத்து, மறுநாளும் ஈஸ்டரன்றும் மூன்று பேரும் உட்கார்ந்து தீர்த்தோம். முடியாததற்கு எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டோம். சொப்ரெசாத்தாவை அவள்தான் வெட்டினாள். தாவிதேயைப் பற்றி அவளாகவே பேசினாள், நடுவில் அழுதாள், அழுதுகொண்டே இன்னொரு தட்டு கேட்டாள். எனக்கு உயிர் வந்தது.

கிளம்புகிற அன்று காலையில் கோசிமோ, புதிதாகச் சமைத்து உறைய வைத்ததைப் பழைய மெஷினில் சின்னச் சின்னப் பைகளாக ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒட்டி முடித்து, பேனாவைத் திறந்தவர் எழுதாமல் அப்படியே நின்றார். ‘ஒருத்திக்கு’ என்று எழுத அந்த மனுஷனுக்குக் கை வரவில்லை.

நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றின் மேலும் ‘ஜூன் வரைக்கும்’ என்று எழுதினேன்.

“ஃப்ரீஸர்ல வெச்சா ஒரு வருஷம் தாங்குமே” என்றார் அவர்.

“தாங்கும்யா. எனக்குத் தாங்காது.”

மிரெல்லா பைகளை எண்ணிப் பார்த்தாள். “இவ்வளவுதானாம்மா? ஜூன்ல தீந்துடுமே!”

“தீந்தா வா” என்றேன்.