ஆதாரம்: டீச்சர்

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் குடிமையியல் மன்றம் நடத்துவது நான்தான். அங்கே ஒரே ஒரு சட்டம். எதை எழுதினாலும் கீழே 'ஆதாரம்' என்று போட்டு, யார் பார்த்தது, யார் சொன்னது என்று எழுத வேண்டும். அது இல்லாத தாளை முகத்தில் விட்டெறியாத குறையாகத் திருப்பிக் கொடுப்பேன். பெரிய மேதாவி என்று நினைப்பு எனக்கு.

மன்றச் செயலாளர் ஒன்பதாம் வகுப்புப் பெண். வாயைத் திறந்தால் 'ஏன்' என்பாள். அதனால் எல்லாருக்கும் அவள் வக்கீலம்மா. பள்ளிக்குப் பின்தெருவில் பதினான்கு விளக்குகளும் எரிவதாக நகராட்சி பலகை வைத்திருந்தது. பிள்ளைகள் மூன்று சாயங்காலம் போய் எண்ணினார்கள். ஒன்பதுதான் எரிந்தன. செயலாளர் என்று வக்கீலம்மா கையெழுத்துப் போட்டு நகராட்சிக்குக் கடிதம் அனுப்பினாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவளுடைய அம்மாதான் வந்தார். நகராட்சி அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்குகிறவர். ஆசிரியர் அறைக்குள் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தப்பா எண்ணிட்டோம்னு பொண்ணு எழுதிக் குடுக்கணுமாம் டீச்சர். இல்லேன்னா திங்கக்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இவ மாட்டேங்கறா."

"நான் வந்து அவர்கிட்ட பேசறேம்மா."

"வேணாம் டீச்சர். நீங்க பேசிட்டு வந்துடுவீங்க. மறுநாள் அங்க போய் நிக்கப்போறது நான்."

ஹெச்.எம்.மிடம் ஓடினேன். "அஞ்சு விளக்குதானே, மாத்தி எழுதினா என்ன குறைஞ்சு போச்சு?" என்றார். பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? கையாலாகாத கோபம்.

வக்கீலம்மாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டேன்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். எழுதட்டுமா?"

"எழுதும்மா."

ஏன் என்று கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. என் மேஜையிலேயே எழுதி நீட்டினாள்.

'ஒன்பது என்று எழுதியது தவறு. பதினான்கு விளக்குகளும் எரிகின்றன. ஆதாரம்: டீச்சர்.'

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மன்றத்துச் சட்டப்படி எழுதியிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்துக் கடைசி வரியை மட்டும் அடித்தேன். கூசிப்போயிற்று.

"அடிச்சிருந்தா வாங்க மாட்டாங்க டீச்சர்," என்றாள் வக்கீலம்மா. வேறு தாள் எடுத்து, அந்த வரி இல்லாமல் அவளே எழுத ஆரம்பித்தாள்.