எஃப் இல்லாத ப்ராசசர்

அர்ச்சுனனுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையைத் தின்னும் நோய். சென்னையில் வேலையிலிருந்தபோது ஒரு கண் போயிற்று, ஊர் திரும்பிய பிறகு மற்றதும் போனது. அதற்கப்புறம் வேலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் தங்கி, திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு கம்ப்யூட்டர் இயக்கக் கற்றுக்கொண்டான். இப்போது ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மலைக்கிராமத்தில், தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்கிறான். ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குப் பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை. வாசிப்பவரின் திணறல், நாற்காலி கிறீச்சிடுவது, தெருவில் போகும் வண்டி எல்லாவற்றையும் காதால் பிடித்து வெட்டி எடுப்பான்.

பழைய லேப்டாப்தான் அவனைப் படுத்தியது. ஒரு விசையைத் தட்டினால் குரல் வருவதற்குள் அவன் கை அடுத்த விசைக்குப் போயிருக்கும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நல்ல வரியை வெட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தேடுவான். அடுத்தடுத்து வேலை தாமதமானதில் கம்பெனியிலிருந்து போன் செய்து, மரியாதையாகத்தான், இனி இப்படி ஆனால் கஷ்டம் என்றார்கள்.

புதிதாக ஒரு கம்ப்யூட்டரைத் தானே சேர்த்துக் கட்டுவது என்று அப்போதுதான் முடிவு செய்தான். வாரக்கணக்கில் வீடியோக்களைக் கேட்டான். ‘இதோ இங்க பாருங்க’ என்று சொல்லிவிட்டு அதன்பின் வாயைத் திறக்காமல் காட்டுகிறவர்களை உடனே நிறுத்திவிடுவான். பொறுமையாகப் பேசுகிறவர்களிடமிருந்து ஒரு விஷயம் தெரிந்துகொண்டான். கம்ப்யூட்டருக்கு மூளையான ப்ராசசர், ஒரே வகையே இரண்டு விதமாக வருகிறது. பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் படம் காட்டும் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக ஒரு கார்டு போடாவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. வேகம் அதேதான், விலை குறைவு. மிச்சமாகும் பணத்தை, பாகங்களைத் தாங்கும் மதர்போர்டில் போட்டால், வேகத்துக்கு உதவும் ரேம் செருக நாலு இடம் உள்ள நல்ல போர்டே கிடைக்கும்.

படம் தெரியாத ப்ராசசர். தன்னை மனதில் வைத்தே செய்ததுபோல் இருந்தது அவனுக்கு.

அவன் மனைவி செவ்வந்தி ஊர்ப் பெண்கள் குழுவின் சாமை அரைக்கும் மெஷினில் வேலை செய்கிறாள். லீவு போட்டுக்கொண்டு அவனோடு ஆலங்காயத்துக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அவன் அந்த எஃப் பற்றியே பேசினான். காவலூர் தாண்டி மலை இறங்கும்போது மட்டும், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினான். அவள் “ம்” கொட்டிக்கொண்டே வந்தாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரன் குணசீலனுக்கு அவனைப் போனில் நன்றாகப் பழக்கம். உட்காரவைத்து, கேட்டதை எல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தான்.

“ண்ணா, நீங்க சொன்ன எஃப்தான் இது. விண்டோஸ் ஏத்துறதுக்கு மட்டும் என் கார்டு ஒண்ணு மாட்டி ஏத்திட்டு, அப்பால கழட்டிடறேன். உங்களுக்குத்தான் டிஸ்ப்ளே...” என்று இழுத்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

“தேவையில்ல. தாராளமா சொல்லு குணசீலா” என்று சிரித்தான் அர்ச்சுனன்.

“எனக்குத் தேவ” என்றாள் செவ்வந்தி.

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“உனக்கு இன்னாத்துக்கு?” என்றான் அர்ச்சுனன்.

“டிவி மாதிரி சினிமா பாக்கறதுக்குன்னு நெனைக்காதீங்க. எனக்கு அதுல படம் தெரியணும். அவ்ளோதான்.”

“அதுக்கோசரம் போர்டைச் சின்னதா வாங்கணும் தெரியுமா? ரேம் ரெண்டுதான் போடலாம். நாளைக்கு வேலை பெருசா வந்தா மாட்டிக்குவேன்.”

“தெரியும். வழியெல்லாம் அதத்தான சொல்லிக்கினு வந்தீங்க.”

குணசீலன் நடுவில் புகுந்தான். “க்கா, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு கெடக்குது. எஃப் வாங்கினு அத மாட்டிக்கலாம்.”

“அதுல ஃபேன் ஓடுமா?” என்று கேட்டான் அர்ச்சுனன்.

“ஓடும். கொஞ்சம் சத்தம்தான்.”

“அந்தச் சத்தத்துல நான் எப்படி வேல செய்யறது?” அவன் குரல் உயர்ந்துவிட்டது. கடையில் வேறு ஆட்கள் இருப்பது நினைவுக்கு வர, கோலைத் தட்டிக்கொண்டு எழுந்து வெளியே போனான்.

செவ்வந்தி பின்னாலேயே வந்தாள். பஸ் நிலையத்துப் பக்கத்து டீக்கடையில் இடம் பார்த்து உட்காரவைத்து, டீ கிளாசை அவன் கையில் கொடுத்தாள்.

அவன்தான் ஆரம்பித்தான். “நம்ம வூட்ல இருக்கற லைட்டு, சொவத்துக்கு அடிச்ச கலரு, காலண்டரு எல்லாம் கண்ணு தெரியறவங்களுக்கு. நான் கொற சொல்லல. ஆனா ஒரே ஒரு பொருளு, எனக்குன்னு, என் காதுக்கும் என் கைக்கும் மட்டும் அளவெடுத்த மாதிரி வாங்கலாம்னு பார்த்தேன். அதுலயும் கண்ணுக்குப் பங்கு வெக்கணுமா?”

அவன் இப்படி நினைத்திருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. தன் டீ கிளாசைக் கைக்குள் வைத்துச் சுற்றிச் சுற்றி உருட்டினாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள். “நீங்க காலையில அந்த ஹெட்போன மாட்டினா அவ்ளோதான், வூட்ல நீங்க இல்ல. அது உங்ககிட்ட பேசற வேகத்துக்கு ஒரு வார்த்த எனக்குப் புரியாது. லேப்டாப்புலயும் ஸ்கிரீன் ஒடஞ்சி கெடக்குது. உங்க புருஷன் இன்னா வேல செய்றார்னு குழுவுல கேக்கறாங்க. கம்ப்யூட்டர் வேலன்னு சொல்றேன். அப்படின்னா இன்னான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. பக்கத்துல உக்காந்து ஒரு நாளாவது பாக்கணும்னு ஆச இருக்காதா?”

“ஏன் இத்தன நாளா கேக்கல?”

“ஸ்கிரீனைச் சரி பண்ணுங்கன்னு ஒருக்கா சொன்னேன். யாருக்குன்னு கேட்டீங்க.”

அவனுக்கு அது ஞாபகம் இருந்தது. வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

“மானிட்டர் வேற வாங்கணுமே, அதுக்கு இன்னா பண்ணுவ?”

“குழுவுல தீபாவளிக்குக் குடுத்த பணத்த நான் தொடாம வெச்சிருக்கறேன்.”

அவன் கோலை ஊன்றி எழுந்தான். முழுமனதோடு எழுந்தான் என்று சொல்ல முடியாது. கடைக்குத் திரும்பும் வழியில், நாலு இடம் உள்ள அந்தப் போர்டைப் பற்றி இரண்டு தடவை பெருமூச்சு விட்டான். ஆனால் குணசீலனிடம், “எஃப் வேணாம்பா. படம் வர்றதே குடு. போர்டு ரெண்டு ஸ்லாட்டு இருந்தா போதும். மானிட்டரும் ஒண்ணு சேத்துக்க. பாகமா குடுத்துடு, வூட்ல நானே பூட்டிக்கறேன்” என்றான்.

“நீங்களேவா?” என்று குணசீலன் தயங்கினான்.

“நாங்க ரெண்டு பேரும்” என்றான்.

மறுநாள் காலை, முன்னறையில் பாயின்மேல் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வேலையை ஆரம்பித்தார்கள். அவன் மதர்போர்டின் ஓரங்களை விரலால் மெல்லத் தடவி, எது எங்கே என்று மனதில் பதித்துக்கொண்டான். ப்ராசசர் உட்காரும் இடத்துக்கு வந்ததும் கையைப் பின்னால் இழுத்தான்.

“இதுக்குள்ள மயிரிழை மாதிரி கம்பிங்க நிறைய இருக்கும். என் விரல் பட்டு ஒண்ணு வளைஞ்சாகூட போர்டு போச்சி. இத நீ போடு.”

“நானா? ஐயையோ, எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க.”

“ப்ராசசர் ஓரத்துல ரெண்டு பக்கமும் சின்னதா வெட்டு இருக்குது, தொட்டுப் பாரு. அதே மாதிரி போர்டுலயும் மேடு இருக்கும். ரெண்டும் பொருந்துதான்னு பாரு. அமுக்காத. வெச்சாலே உக்காந்துக்கும்.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சதுரத்தை இறக்கினாள். அது சத்தமில்லாமல் தன் இடத்தில் அமர்ந்தது. அவன் அவள் கையைத் தொட்டு இடம் கண்டு, ப்ராசசரை இறுக்கிப் பிடிக்கும் நெம்புகோலை மூடினான். நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. “ஒடச்சிட்டீங்க!” என்று அவள் கத்தினாள். அப்படித்தான் சத்தம் வரும் என்று வீடியோக்களில் கேட்டிருந்த அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

ரேமையும் ஃபேனையும் அவனே பூட்டினான். கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களை எந்த முள்ளில் செருகுவது என்பதற்கு, போர்டில் எறும்பு எறும்பாக அச்சடித்திருந்த எழுத்துகளை அவள் போனின் வெளிச்சத்தில் படித்துச் சொன்னாள். இரண்டு ஒயரை மாற்றிச் செருகி, பிடுங்கி மறுபடி செருகினார்கள். மதியச் சோறு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கடைசியில் அவன் ஸ்விட்சை அழுத்தினான். ஃபேன் சுற்றும் காற்று புறங்கையில் பட்டது. மற்றபடி எந்தச் சத்தமும் இல்லை. விண்டோஸ் ஏறும்வரை அவனுக்கு எந்தக் குரலும் கேட்காது என்று தெரிந்தும், அவன் முகம் வெளிறியது.

“இன்னா தெரியுது?”

“இருங்க, இருங்க. கருப்பா இருக்குது... வந்திடிச்சி! வெள்ள எழுத்து.” பன்னிரண்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்து அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். “புது ப்ராசசர் போட்டிருக்கீங்கன்னு சொல்லுது. எஃப் ஒண்ணுங்கற விசைய அமுக்கணுமாம்.”

“மறுபடியும் எஃபா?” என்றான் அவன். அவள் சிரித்த சிரிப்பில் அவன் பயம் போய்விட்டது.

திரையில் வருவதை அவள் படித்துச் சொல்ல, அன்றே விண்டோஸையும் ஏற்றினார்கள். அன்றிலிருந்து ஒரு வாரத்தில் பாக்கி வேலைகளை முடித்து அனுப்பினான். விசையைத் தட்டியதும் குரல் வந்தது. கம்பெனியிலிருந்து அடுத்த புத்தகம் வந்தது. செவ்வந்தி வேலை முடிந்து வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசிப்பவரின் குரல் திரையில் பச்சை மேடும் பள்ளமுமாக ஓடியது. “மல மாதிரியே இருக்குதுங்க” என்றாள். அவளுக்குப் புரியட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு, திரையைப் படிக்கும் குரலின் வேகத்தைக் குறைத்து வைத்தான். கொஞ்ச நேரத்திலேயே பொறுமை போய், “இப்படி மாடு அசை போடற மாதிரி பேசினா நான் எப்ப முடிக்கறது?” என்று புலம்பினான்.

சில மாதங்களில் பல குரல்கள் சேர்ந்த நாடகம் ஒன்று வந்தபோது ரேம் போதவில்லை. “நாலு ஸ்லாட்டு போர்டு வாங்கியிருக்கணும்” என்று அவன் சொல்ல, “ஆமா, வாங்கியிருக்கலாம்” என்று அவளும் ஒப்புக்கொண்டாள். நாடகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து முடித்தான்.

இப்போது மாலையில் அவன் எழுந்த பிறகு அவள் அந்த நாற்காலியில் உட்காருகிறாள். குழுவின் சாமைப் பொட்டலத்துக்கு ஒட்ட வேண்டிய சீட்டுகளைத் தமிழில் அடிக்கப் பழகுகிறாள். அவள் ஒரு விரலால் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் உரக்கச் சொல்லும். அதை நிறுத்த அவளுக்கு இன்னும் தெரியாது, அவனும் சொல்லித்தரவில்லை.

நேற்று அவன் வாசலில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அந்தக் குரல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டு, கடைசியில் முழு வரியையும் படித்தது: “இவருக்குக் காது ரொம்ப நீளம்.”

“கேக்குது!” என்று கத்தினான் அர்ச்சுனன்.