சூடு ஆறாத தகடு

டிப்ளமா வாங்க எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, வெல்டிங் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். அவள் முதல் தகட்டைப் பற்றவைத்து முடித்தபோது புருஷன் பட்டறைக்குள் புகுந்தான்.

“சொல்லச் சொல்லக் கேக்காம இங்க வந்து நிக்கிறியா?” என்று அவளுடைய வெல்டிங் முகக்கவசத்தைப் பிடுங்கி, அதாலேயே அவள் வாயில் அடித்தான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. தடுக்க வந்த தேர்வாளரை நெஞ்சில் உதைத்துத் தள்ளினான். பிறகு தகட்டின் பக்கம் திரும்பினான்.

“தொடாதீங்க, சுடும்!” என்று அவள் கத்தினாள்.

“எனக்கே புத்தி சொல்றியா?” என்றவன், அதை வீசியெறிய வெறுங்கையால் தூக்கினான். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. அவன் அலறியபடி சுருண்டு விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

“நீயும் கூடப் போம்மா,” என்றார் தேர்வாளர்.

அவள் ரத்தத்தைத் துப்பினாள். “இன்னொரு தகடு பாக்கி இருக்கு சார்.”

உதட்டுத் தழும்போடு டிப்ளமா வாங்கினாள். அவனிடம் திரும்பிப் போகவில்லை.