பன்னிரண்டாவது ஜன்னல்

அந்தக் காகிதத்தைக் கிழிக்கச் சொல்லிவிடாதே என்று ரலிட்சா மனதுக்குள் கணவன் ஓக்னியானைக் கெஞ்சினாள். அவர்கள் ஞாயிறுதோறும் குடும்பமாகப் போய்ப் பழைய வீடுகளின் ஜன்னல்களைப் படமெடுத்து, வருஷத்துக்கு ஒரு காலண்டர் செய்வார்கள். பதினொரு படங்கள் சேர்ந்துவிட்டன. கோப்ரிவ்ஷ்டிட்சா ஊரின் இந்த நீல ஜன்னல்தான் டிசம்பருக்கு. ஆனால் அதன் சட்டத்தில், இறந்துபோன ஒரு முதியவரின் முகத்தோடு நினைவுநாள் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

"கிழிச்சுடு ரலி, வெயில் போகுது," என்றான் ஓக்னியான். "செத்தவரு கோவிச்சுக்கவா போறாரு?"

"இல்லன்னா டிசம்பர் முழுக்க இந்தத் தாத்தா நம்மள மொறைச்சுக்கிட்டே இருப்பாரும்மா," என்று மகள் விக்ரா சிரித்தாள்.

இறந்தவர்களின் நினைவாக வீடுகளில் ஒட்டும் அந்த அறிவிப்புகளை, மழையும் வெயிலும் தின்று தீர்க்கும்வரை அங்கே யாரும் தொடுவதில்லை. போன வசந்தத்தில் தங்கள் வீட்டு வாசல் கதவுக்கு வண்ணம் அடித்தபோது, அதில் ஒட்டியிருந்த ரலிட்சாவுடைய இறந்த அப்பாவின் அறிவிப்பை ஓக்னியான் சுரண்டி எடுத்துவிட்டான். கீழே விழுந்த காகிதத் துணுக்குகளை அவள்தான் பொறுக்கி எடுத்தாள்.

காகிதத்தின் ஒரு முனை காற்றில் எழும்பித் துடித்தது. அவள் கிட்டே போய் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"இவராவது இருக்கட்டும், ஓக்னியான்," என்றாள்.