கீழிருந்து மேலே

அந்த ஏழெட்டு வரியைப் போனில் தட்டி முடிக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. ஒரு எழுத்தைத் தொட்டு, அது வந்து உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. கிடங்கில் அவரை எல்லாரும் அடுக்குக்காரர் என்பார்கள். லாரியில் வந்திறங்கும் பெட்டிகளை இரண்டு ஆள் உயரத்துக்குச் சாயாமல் அடுக்குகிற வேலை. இருபத்தெட்டு வருடத்தில் தோள்பட்டை இரண்டும் காய்த்துப் போயிருந்தன. கட்டைவிரல் அகலத்துக்குப் போனில் மூன்று எழுத்து ஒன்றாகத்தான் அமுங்கும். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவர் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்ள முடியாது.

படக்கதைப் பழக்கத்தை உண்டாக்கியது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண். "அண்ணே, இன்னும் எத்தனை நாளைக்கு அந்த முதியோர் பாடப் புஸ்தகத்தையே கட்டிக்கிட்டு அழுவீங்க? இதைப் படிங்க, படமும் இருக்கும், பேச்சும் கொஞ்சமாத்தான் இருக்கும்" என்று சொல்லி, போனில் வெப்காமிக்ஸ் நாலைந்தை இறக்கிக் கொடுத்தாள். அவளே அவரை ஒரு வாசகர் குழுவிலும் சேர்த்துவிட்டாள். முகம் தெரியாத நூறு பேர். அவரவருக்குப் பிடித்த கதையைப் பற்றி நாலு வரி எழுதி, நீங்களும் படியுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐந்து மாதமாக அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போதுதான் தானும் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று துணிச்சல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் படிக்கிற கதை பேர் நடை. அதில் பேச்சு கிடையாது. மூடின கதவு ஒன்று திறக்கும். உள்ளே இருந்து ஒரு பெண் பின்பக்கமாகவே நடந்து வரும். முகம் காட்டாது. வாரா வாரம் வேற இடம், வேற கதவு. கிட்ட வந்து நிற்கும். எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்களும் படிங்க."

அனுப்பிவிட்டுப் பெட்டி தூக்கப் போனார். சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்தபோது பதில்கள் குவிந்து கிடந்தன.

"ஐயா, நடையை நான் முதல் வாரத்துலேர்ந்து படிக்கிறேன். அவ போய்க்கிட்டேதான் இருப்பா. ஒரு தடவைகூட வந்ததில்ல."

"நீங்க சொன்னதை நினைச்சா முதுகு சில்லுங்குது. எந்த நடையைப் படிக்கிறீங்க?"

அவர் குழம்பிப் போனார். ஃபோர்க்லிஃப்ட்காரியும் எடை மேடைக்காரரும் பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் போனை அவளிடம் நீட்டினார்.

"நீங்க படிங்கண்ணே. நான் பாக்கறேன்."

அவர் கதையைத் திறந்தார். படங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நீளமாகத் தொங்கின. கட்டைவிரலால் சரசரவென்று தள்ளித் தள்ளி அடிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஒவ்வொரு படமாக மேலே ஏற ஆரம்பித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"படிக்கிறேன்."

"கீழேயிருந்தா?"

"அடுக்கைக் கீழேயிருந்துதானம்மா பாக்கணும். அடிப்பெட்டி எதுன்னு தெரியாம மேல் பெட்டியில கை வைப்பியா நீ?"

எடைக்காரருக்குப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "நல்லவேளை மச்சான், நீ மருந்துச் சீட்டு படிக்கல. ராத்திரி மாத்திரையைக் காலையில போட்டுட்டு வேலைக்கு வந்து தூங்கியிருப்ப."

அடுக்குக்காரரும் சிரித்தார். புத்தகத்தில் எழுத்து மேலிருந்து கீழே என்று வாத்தியார் சொல்லியிருந்தார்; படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவர் படித்த கதைகளில் உடைந்த சாமான் ஒட்டிக்கொள்ளும், சண்டை போட்டவர்கள் கடைசியில் சிரித்துப் பேசுவார்கள், கீழே விழுந்தவன் எகிறி மாடியில் போய் நிற்பான். படக்கதைக்காரர்களின் உலகம் நம் உலகத்தைவிடத் தேவலை என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"இப்ப பாருங்க" என்று அவள் மேலிருந்து தள்ளிக் காட்டினாள். படம் முழுக்க ஒரு முதுகு. அடுத்ததில் முதுகு கொஞ்சம் சின்னதாயிற்று. பிறகு தோள், இடுப்பு, கால். நீளமான ஒரு கூடத்தில் அந்தப் பெண் தன் பாட்டுக்கு நடந்து போனாள். கதவு திறந்தது. போனாள். கதவு மூடியது.

"அவ்வளவுதாண்ணே. வாரா வாரம் இதான். போயிடுவா."

அவர் தன் சாப்பாட்டை மூடி வைத்தார்.

அவர் மனைவியும் அப்படித்தான் போனாள். ஆஸ்பத்திரிக் கூடம், இடுப்பு உயரத்துக்குப் பச்சைச் சாயம் அடித்த சுவர். ஆபரேஷன் அறைக்கு அவள் தள்ளுவண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள். செருப்பு வார் வழியில் அறுந்துபோக, அவர்தான் பையிலிருந்த நீலப் பட்டையால், கிடங்கில் பெட்டி கட்டுகிற பட்டையால், இறுக்கி முடிந்து கொடுத்தார். "செருப்பைக்கூட பெட்டியாக்கிட்டீங்க" என்றாள். அதற்குள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். படித்துவிட்டுக் கையெழுத்து போடச் சொன்னார்கள். எதிரே நின்ற நர்ஸ் சின்னப் பெண். படிக்கத் தெரியாது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்து, காகிதத்தின் மேல் கண்ணை ஓட்டி, வரி வரியாகப் படிக்கிறவர் மாதிரி நின்றார். நிமிர்ந்தபோது கதவிடுக்கில் மனைவியின் முதுகு மட்டும் தெரிந்தது. கதவு மூடியது. அவள் திரும்பி வரவில்லை.

கதவுக்கிட்டே போய் அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாளா, இல்லையா. நான்கு வருடமாக அவருக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. யாரிடம் கேட்பது? பார்த்திருந்தால், தன் புருஷன் தலை குனிந்து நிற்பதைத்தான் பார்த்திருப்பாள். காரியம் முடிந்த மாதமே முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், பஸ் போர்டு பார்க்க என்றார்.

நடையை முதன்முதலில் படித்த அன்று, அந்தப் பெண் பின்பக்கமாக நடந்து நடந்து தன்னிடம் வந்து நின்றதும், போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். கோபத்தில்தான் முகம் காட்டாமல் வருகிறாள், தணிந்ததும் திரும்புவாள் என்று நினைத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை கதையின் கடைசி வாரம் என்று அறிவிப்பு வந்தது. கடைசியிலாவது முகத்தைக் காட்டுவாளா என்று குழுவில் ஒரே பேச்சு. "இந்தத் தடவை மேலேயிருந்து படிங்கண்ணே. போனா போகட்டும், ஒழுங்கா ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள் ஃபோர்க்லிஃப்ட்காரி. அவளிடம் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி இருந்தது அவள் குரல். சரி என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை மதியம், அடுக்குகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். கதையைத் திறப்பதற்குள் குழுவில் செய்திகள் வரத் தொடங்கின.

"ஏத்தும்போது தலைகீழா ஏத்திட்டாங்களா?"

"எனக்கும் மூடின கதவுலதான் ஆரம்பிக்குது."

"அவ பின்பக்கமா நடந்து வர்றா. அந்த ஐயா எழுதின மாதிரியே."

 பிறகு ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, நீங்க யாரு?"

ஃபோர்க்லிஃப்ட்காரி வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். அவள் கையிலும் போன் இருந்தது. "இதை நீங்க படிக்க வேணாம்ணே" என்றாள். "நல்லா இல்ல. கிட்ட வந்து, வந்து, கடைசியில ஒரே இருட்டு."

"நீ மேலேயிருந்து பாத்திருப்ப" என்றார் அவர்.

கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அடிக்குப் போனார். அடியில் இருட்டு. அது இருட்டில்லை, துணி. கண்ணுக்கு மிகக் கிட்டே இருக்கிற துணி. ஒரு படம் மேலே ஏறினார். துணி முதுகாயிற்று. இன்னொன்று. தோள், இடுப்பு. நீளக் கூடம். சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை. அவள் போய்க்கொண்டிருந்தாள். வந்தவள் இல்லை இவள், போகிறவள். இந்த வாரம் அவருக்கு மட்டும் போகிறவள். கட்டைவிரல் வியர்த்துக் கண்ணாடியில் வழுக்கியது.

"மச்சான், லாரி வந்துருச்சு" என்று எடை மேடையிலிருந்து சத்தம் வந்தது. "மச்சான், இங்க பாரு."

அவர் பார்க்கவில்லை. கண்ணை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள். இன்னும் ஒரே ஒரு படம் பாக்கி. மூடின கதவு என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரி அவர் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றாள். அவர் விரலை மெல்ல இழுத்தார்.

கதவு தரை வரைக்கும் மூடியிருக்கவில்லை. அடியில் விரற்கடை இடுக்கு. அந்த இடுக்கில் ஒரு கால் தெரிந்தது. குதிகால் இல்லை, விரல்கள். ஐந்து விரலும் இந்தப் பக்கம் பார்த்து நின்றன. செருப்பின் வாரில், முடிச்சுப் போட்ட இடத்தில், கொஞ்சம் நீலம்.