இடித்தான், இடித்துவிட்டான்

என் காரின் முகம் உள்ளே போயிருந்தது. உடைந்த பம்பரில் ஒரு நீல நூல் சிக்கியிருந்தது. தம்பி மனைவி அன்று உடுத்தியிருந்த துணியின் நூல். அவள் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

கோபித்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்ட அவளைக் கூட்டி வரத்தான் தம்பி என் காரைக் கேட்டான். "வண்டி பத்திரம்டா" என்று சாவியைக் கொடுத்தேன். அவள் பத்திரம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் படம் எடுத்து முடித்து, காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"சாவிய நீங்களே குடுத்தீங்களாம்மா?"

"நான்தான் குடுத்தேன்."

"அப்ப சரி. சொந்தக்காரங்க ஓட்டலாம், லைசென்ஸும் இருக்கு. தெரியாம இடிச்சிருந்தா கம்பெனி குடுக்கும். வேணும்னே இடிச்சிருந்தா குடுக்காது, போலீசுக்குப் போயிடும். நடந்தத உங்க வார்த்தையில எழுதுங்க." அவர் போன் பேச ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனார்.

டிரைவர் சீட்டில் கால்களை வெளியே விட்டு உட்கார்ந்து, காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். தம்பி திறந்த கதவைப் பிடித்தபடி நின்றான்.

"என்னக்கா, பரீட்சையா எழுதப் போற? பிரேக் புடிக்கலன்னு போடு, போதும்."

மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். ஒல்லி உடம்புக்குக் குண்டூசி என்று பெயர்.

"பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு சார். அடிதான் ரெண்டு விழுந்திருக்கு. ஒரு வாட்டி இடிச்சது பத்தலயா?"

"வாய மூடிட்டு வேலையப் பார்றா."

அன்று போனில் என்னிடம் சொன்னபோது தம்பிக்கு மூச்சு வாங்கக்கூட இல்லை. "வர மாட்டேன்னு அவங்க வீட்டு கேட்டு முன்னாடி நின்னா. இடிச்சேன். பின்னாடி எடுத்துட்டு வந்து மறுபடியும் இடிச்சேன்." இடிச்சுட்டேன் என்று சொல்லவில்லை. நான்தான் அதை இடிச்சுட்டேன் என்று மாற்றிக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அவன் எதையும் செய்ததில்லை. எல்லாம் அவன் கையால் தானாக நடந்துவிட்டதுதான். பூனைக்குட்டி செத்தபோது, தூக்கிப் போட்டுட்டான். அவன் மனைவிக்கு உதடு கிழிந்தபோது, கை நீட்டிட்டான். பத்து வயதில் என் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியபோது, தெரியாம சாத்திட்டான். அந்த விரல் இன்னும் கோணல்தான். அதில்தான் பேனாவைப் பிடித்திருந்தேன்.

விபத்து என்று எழுதினால், தேறியதும் அவளை மறுபடியும் அவன் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அனுப்பி வைப்பவர்களில் நானும் இருப்பேன்.

"வீட்டு கேட்டின் முன்னால் நின்றவளை என் தம்பி இடித்" என்று எழுதி நிறுத்தினேன். அடுத்த எழுத்து ஒன்றுதான் பாக்கி. 'து'வா, 'தா'வா? இடித்துவிட்டானா, இடித்தானா?

அவன் குனிந்து படித்தான்.

"பிரேக் எங்கக்கா?"

நான் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை.

"என்னை உள்ள தள்ளப் பாக்குறியா? ஒரு வயித்துல பொறந்தவதான நீ?"

என் இடக்கை கார்ச் சட்டத்தைப் பிடித்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவசரப்படவில்லை. என் கால்களைத் தன் காலால் உள்ளே தள்ளினான். பிறகு கதவை அறைந்தான்.

எலும்பின் சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். கதவைத் திறந்து இரண்டாவது முறை அவன் ஓங்கியபோது குண்டூசி பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்து இழுத்தான். இருவரும் டயர்கள்மேல் சரிந்தார்கள். காகிதத்தின் ஓரத்தில் என் ரத்தம் சொட்டியது.

சர்வேயர் ஓடிவந்தார். "ஐயோ, என்னம்மா ஆச்சு?"

"கதவு பட்டுடுச்சு சார்!" தம்பி தரையில் கிடந்தே கத்தினான். "சொல்லுக்கா!"

வலியோடு வலியாக, கதவு பட்டுடுச்சு என்ற சொற்கள் என் நாக்குக்கும் வந்தன. முப்பது வருஷப் பழக்கம். அவற்றை விழுங்கினேன்.

"சாத்தினான்" என்றேன். "பாத்து, சாத்தினான்."

பேனா இன்னும் வலக்கையில் இருந்தது. "தான்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.